பால் ஸ்கோல்ஸ் ஏன் கடைசிவரை ஒரே கிளப்பில் இருந்தார்?

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் பால் ஸ்கோல்ஸைப் பற்றி ராயக்கோட்டையிலிருந்து பதினேழு வயதுத் தம்பி ஒருவர் கேட்டது இது: “பால் ஸ்கோல்ஸ் வாழ்நாள் முழுக்க மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மட்டும் ஆடியது விசுவாசத்தாலா? நான் எங்கள் ஊர் டீமில் மிட்ஃபீல்டர், நடுவில் ஆடுகிறவன். ஓசூரில் ஒரு டீம் கூப்பிடுகிறது. போகிறேன் என்றால், ஸ்கோல்ஸ் மாதிரி இருக்கக் கற்றுக்கொள் என்று டீம் அண்ணன்கள் திட்டுகிறார்கள். என்ன செய்யட்டும்?”

தம்பி, உன் அண்ணன்கள் ஸ்கோல்ஸ் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மீதியையும் சொல்லிவிட்டு ஓசூருக்கு வருகிறேன். நான் கிருஷ்ணகிரிக்காரன். இருபது வருஷம் நடுவில் ஆடியவன், இப்போது மாலை நேரத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஸ்கோல்ஸ் ஆட்டத்தைப் பார்த்துத்தான் என் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டேன், அதனால் அவரைப் பற்றி யாராவது அரைகுறையாகப் பேசினால் எனக்குச் சும்மா இருக்க முடியாது.

சுருக்கமான பதில் இதுதான். அவருக்கு வெளியே போகும் தேவை வராதபடி கிளப் அவரைப் பார்த்துக்கொண்டது. அவரும் தன் இடம் ஆட்டம் காணும் போதெல்லாம் ஆடும் விதத்தையே மாற்றிக்கொண்டார். இரண்டு கையும் தட்டியதால் வந்த ஓசை. 1994 முதல் 2013 வரை 718 ஆட்டம், 155 கோல், 11 பிரீமியர் லீக் பட்டம் என்பதெல்லாம் அதனால் வந்தவை.

அவர் பிறந்தது 1974 நவம்பரில், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில். வளர்ந்தது வடக்கே மிடில்டனில். சின்ன வயதில் அவருக்குப் பிடித்த கிளப் பக்கத்து ஊர் ஓல்டம் அத்லெடிக். யுனைடெட்டுக்குப் பயிற்சிக்கு வந்தபோது பதினான்கு வயது. ஆள் குள்ளம், ஆஸ்துமா வேறு. வளர்கிற பருவத்தில் முழங்கால் எலும்பில் வரும் ஒரு நோயும் இருந்தது. இவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கே முதலில் சந்தேகம் இருந்தது. அதை அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

‘92ஆம் வருஷத்துப் பையன்கள்’ என்று பெக்கம், கிக்ஸ், கேரி நெவில், நிக்கி பட் இவர்களோடு ஸ்கோல்ஸையும் சேர்த்துத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1992இல் இளைஞர் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அந்த அணியில் ஸ்கோல்ஸ் ஆடவில்லை. அடுத்த வருஷம் இறுதி ஆட்டத்தில் லீட்ஸிடம் தோற்ற அணியில்தான் இருந்தார். கூட இருந்த பையன்கள் கோப்பையைத் தூக்கும்போது வெளியே நின்றவர் அவர். அந்த நேரத்தில் கிளப் அவரை அனுப்பிவிட்டிருந்தால் கேட்பார் யாரும் இல்லை. இளைஞர் அணியைப் பார்த்துக்கொண்ட எரிக் ஹாரிசன் போன்றவர்கள் அவருடைய காலில் எதையோ பார்த்தார்கள், உடம்பு வளரும்வரை பொறுத்தார்கள். 1993இல் தொழில்முறை ஒப்பந்தம் கொடுத்தார்கள். முதல் விசுவாசம் கிளப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை இங்கேயே குறித்துக்கொள்.

1994 செப்டம்பரில் போர்ட் வேலுக்கு எதிராக லீக் கோப்பையில் முதல் ஆட்டம். 2–1 வெற்றி, இரண்டு கோலும் அவருடையது. மூன்று நாள் கழித்து இப்ஸ்விச்சுக்கு எதிராக லீக்கில் முதல் ஆட்டம், அதிலும் கோல். அப்போது அவர் மிட்ஃபீல்டரே இல்லை, ஃபார்வர்டு, அதாவது முன்னால் நின்று கோல் போடுகிறவர். 1995–96 சீசன் தொடக்கத்தில் காண்டோனா தடையில் இருந்ததால் முன்வரிசையில் வாய்ப்பு வந்தது. அந்த சீசனில் 14 கோல் போட்டார். ஆனால் காண்டோனா, ஆண்டி கோல், அப்புறம் ஷெரிங்கம் என்று முன்வரிசையில் எப்போதும் கூட்டம். அங்கேயே நின்றிருந்தால் நல்ல மாற்று ஆட்டக்காரர் என்ற பெயரோடு வேறு கிளப்புக்குப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

1997 செப்டம்பரில் லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கேப்டன் ராய் கீனுக்கு முழங்காலில் பெரிய காயம். அந்த சீசன் முழுக்க அவர் இல்லை. நடுவில் விழுந்த அந்த ஓட்டையில் ஸ்கோல்ஸ் இறங்கினார். அங்கிருந்துதான் நமக்குத் தெரிந்த ஸ்கோல்ஸ் தொடங்குகிறார்.

அந்தக் காலத்து ஸ்கோல்ஸிடம் நீ கற்றுக்கொள்ள வேண்டியது தாமதமான ஓட்டம். விங்கிலிருந்து, அதாவது மைதானத்தின் ஓரத்திலிருந்து, கோல் முன்னால் அடிக்கும் கிராஸ் வரப்போகிறது என்று வைத்துக்கொள். எதிரணியின் டிஃபென்டர்கள் பந்தையும் தங்கள் பக்கத்தில் நிற்கும் ஃபார்வர்டையும் பார்த்துக்கொண்டே கோலை நோக்கிப் பின்னால் ஓடுவார்கள். நாலு பேரும் பின்னால் ஓடினால் பெனால்டி புள்ளிக்கும் பாக்ஸ் (கோல் முன்னால் உள்ள பெனால்டி கட்டம்) கோட்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் விழும். ஓர் இரண்டு விநாடிதான் அது இருக்கும். முன்கூட்டியே போய் நின்றால் உன்னையும் ஒருவன் பிடித்துக்கொள்வான். பிந்திப் போனால் பந்து தாண்டிவிடும். ஸ்கோல்ஸ் பாக்ஸுக்கு வெளியே சும்மா நடந்துகொண்டிருப்பது போலத் தெரியும், கிராஸ் அடிப்பவன் கால் தூக்கும்போது ஓடத் தொடங்குவார். நம் ஊர்ப் பையன்கள் எல்லோரும் இதில் ஒரே தவறைச் செய்கிறார்கள். கிராஸ் வருவதற்கு முன்பே ஆறு பேரும் கோல்கீப்பர் மடியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

2000 மார்ச்சில் பிராட்ஃபோர்டு மைதானத்தில் அடித்த கோல் இதற்கு ஒரு உச்சம். கார்னர் எடுத்தவர் பெக்கம். பந்து கோல் முன்னால் போகவே இல்லை, நேராக பாக்ஸ் விளிம்புக்கு வந்தது. எல்லோரும் உள்ளே தள்ளுமுள்ளில் இருக்க, ஸ்கோல்ஸ் ஓடிவந்து பந்து தரையைத் தொடும் முன்பே வாலி அடித்தார். இருவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகவே பயிற்சி செய்தவர்கள். ஒரே இடத்தில் பல வருஷம் இருப்பதால் கிடைக்கும் லாபம் என்று ஏதாவது உண்டென்றால் இதுதான். எந்த உயரத்தில், எந்த வேகத்தில் பந்து வரும் என்று கேட்க வேண்டியதே இல்லை.

1999ஐப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. அந்த சீசனில் யுனைடெட் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. மிலானில் இன்டருக்கு எதிராக ஸ்கோல்ஸ் போட்ட கோல் காலிறுதியைக் காப்பாற்றியது. நியூகாசிலுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை இறுதியில் இரண்டாவது கோல் அவருடையது. ஆனால் டூரினில் யுவென்டஸுக்கு எதிரான அரையிறுதியில் வாங்கிய மஞ்சள் அட்டையால், பார்சிலோனாவில் பயர்ன் மியூனிக்கோடு நடந்த இறுதி ஆட்டத்தில் அவரால் ஆட முடியவில்லை. கீனும் அப்படியே. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு ஜெயித்த அந்த இரவில், கால்பந்து உலகமே பார்த்த அந்த இரவில், அவர் கோட் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றார். பதக்கம் கிடைத்தது. ஆனாலும் ஆடாத ஆட்டத்தின் பதக்கம் எப்படி இருக்கும் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஸ்கோல்ஸுக்கு டேக்கிள், அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது, வராது. பதினெட்டு வயதிலும் வரவில்லை, முப்பத்தெட்டிலும் வரவில்லை. கால் எப்போதும் ஒரு கணம் பிந்தியே போகும், அட்டை வரும். 1999 ஜூனில் ஸ்வீடனுக்கு எதிராகப் பழைய வெம்ப்ளியில் சிவப்பு அட்டை வாங்கினார். அந்த மைதானத்தில் வெளியேற்றப்பட்ட ஒரே இங்கிலாந்து வீரர் அவர்தான். அவரை ரசிக்கிறவர்கள் இதைச் சிரித்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. சில டேக்கிள்கள் எதிராளியின் காலை உடைத்திருக்கும். உன்னிடம் கற்றுக்கொள் என்று சொல்வதில் இது சேராது.

சரி, விசுவாசத்துக்கு வருவோம். 2001 கோடையில் யுனைடெட் 2 கோடியே 81 லட்சம் பவுண்டுக்கு அர்ஜென்டினாவின் வெரோனை வாங்கியது. அப்போது பிரிட்டனில் அது சாதனைத் தொகை. வெரோனுக்கு நடுவில் இடம் வேண்டும், அதனால் ஸ்கோல்ஸை ஃபார்வர்டு வான் நிஸ்டல்ரூய்க்குப் பின்னால் தள்ளி ஆட வைத்தார்கள். அவருக்கு அது சரிப்படவில்லை. அந்த நவம்பரில் ஆர்சனலுக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்துக்கு, இளம் வீரர்கள் நிறைந்த அணியோடு போகச் சொன்னபோது, போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார். கிளப் அபராதம் போட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஃபெர்குசனை எதிர்த்து நின்ற எத்தனையோ பேர் கொஞ்ச காலத்தில் வேறு கிளப்பில் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார். இங்கே இரண்டு பக்கமும் இறங்கி வந்தது. அடுத்த சீசனில், 2002–03இல், அதே பிடிக்காத இடத்தைப் பெருமளவு தனதாக்கிக்கொண்டு எல்லாப் போட்டியிலும் சேர்த்து 20 கோல் போட்டார். அவர் வாழ்நாளிலேயே ஒரு சீசனில் அதிகம் அதுதான். நியூகாசில் மைதானத்தில் 6–2 என்று ஜெயித்த ஆட்டத்தில் ஹாட்ரிக். வெரோன் 2003இல் செல்சிக்குப் போய்விட்டார்.

இப்போது உன் அண்ணன்கள் சொல்லாத பாதி. இதே ஸ்கோல்ஸ் ஓர் அணியை விட்டு விலகியிருக்கிறார், அதுவும் தன் நாட்டு அணியை. இங்கிலாந்துக்கு 66 ஆட்டம், 14 கோல். 1999இல் போலந்துக்கு எதிராக ஹாட்ரிக், அதே வருஷம் ஸ்காட்லாந்துக்கு எதிராக இரண்டு கோல் என்று ஒரு காலத்தில் அந்த அணியின் உயிராக இருந்தவர். பிறகு அதே நடு இடத்துக்கு ஜெரார்டும் லம்பார்டும் வந்தார்கள். மூன்று பேரையும் எப்படி ஆட வைப்பது என்று தெரியாமல், 2004 யூரோவில் ஸ்கோல்ஸை இடது ஓரத்தில் நிறுத்தினார் பயிற்சியாளர் எரிக்சன். இருபுறமும் பார்த்துப் பந்தைப் பிரித்துக் கொடுக்கும் ஓர் ஆளைக் கோட்டோரம் நிறுத்தினால் பாதி மைதானம் அவருக்கு இல்லாமல் போய்விடும். போட்டி முடிந்ததும், 29 வயதில், சர்வதேச ஆட்டத்துக்கு விடை கொடுத்தார். குடும்பத்தோடு நேரம் வேண்டும், யுனைடெட்டில் கவனம் வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதை நான் நம்புகிறேன். இருந்தாலும் அவருக்குரிய இடத்தில் ஆட வைத்திருந்தால் அந்த முடிவு இன்னும் சில வருஷம் தள்ளிப்போயிருக்கும் என்பது என் கணிப்பு. 2010 உலகக் கோப்பைக்கு அப்போதைய இங்கிலாந்துப் பயிற்சியாளர் கபெல்லோ திரும்பக் கூப்பிட்டபோதும் வரவில்லை. பிறகு அதற்காக வருத்தப்பட்டதாகச் சொன்னார்.

ஆக, எந்த அணியாக இருந்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும் மனுஷர் இல்லை அவர். தன்னை எங்கே வைத்தால் பயன்படுவேன் என்று தெரிந்த அணியில் இருந்தார், தெரியாத அணியிலிருந்து சத்தமில்லாமல் விலகினார்.

அப்புறம் வந்தது கண். 2005–06 சீசன் நடுவில் அவருக்குப் பார்வை மங்கியது. பந்து சரியாகத் தெரியாத மிட்ஃபீல்டர் என்ன செய்ய முடியும்? ஆட்டம் முடிந்துவிட்டது என்றே பலர் எழுதினார்கள். அந்த சீசனின் பின்பாதி முழுக்க அவர் ஆடவில்லை, கடைசி ஆட்டத்துக்குத்தான் திரும்பினார். வயது 31. மூச்சு முன்போல இல்லை, பாக்ஸுக்குள் ஓடிப்போய்த் திரும்பி ஓடிவரும் ஆட்டம் இனி முடியாது.

அவர் செய்த மாற்றம்தான், என்னைக் கேட்டால், அவருடைய ஆட்ட வாழ்க்கையிலேயே பெரிய விஷயம். பின்னால் வந்துவிட்டார். டிஃபென்டர்களுக்குச் சற்று முன்னால் நின்று, அவர்களிடமிருந்து பந்தை வாங்கி, ஆட்டம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று முடிவுசெய்யும் ஆள் ஆனார். 2006இல் வந்து சேர்ந்த மைக்கேல் காரிக் பக்கத்தில் நின்றார். முன்னால் ரூனியும் ரொனால்டோவும் ஓடினார்கள். அவர்கள் ஓட்டத்துக்கு நாற்பது கெஜம் தள்ளியிருந்து பந்து போய் விழும், ஓடுகிறவன் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்காது. ஒரு காலத்தில் கோல் போடுகிறவராக எதிரணி பயந்த ஆள், இப்போது கோலுக்கு இரண்டு பாஸ் முன்னால் இருந்தார். பார்சிலோனாவின் சாவி, தான் பார்த்தவர்களில் கடந்த பதினைந்து இருபது வருஷத்தின் மிகச் சிறந்த நடுக்கள வீரர் ஸ்கோல்ஸ்தான் என்று சொன்னது இந்தக் காலத்தை வைத்துத்தான்.

இதை எப்படிச் செய்தார் என்று நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ரகசியம் காலில் இல்லை, கழுத்தில் இருந்தது. பந்து தன்னை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது மற்ற ஆட்டக்காரர்கள் பந்தைப் பார்ப்பார்கள். அவர் அதற்கு முன்பே இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிடுவார். பந்து காலுக்கு வரும்போது யார் எங்கே என்பது மனதில் இருக்கும். உடம்பைப் பாதி திருப்பிய நிலையில் வாங்குவார், அதனால் முதல் தொடுதலிலேயே பந்து அடிக்கத் தோதான இடத்துக்கு வந்துவிடும்.

நம் மைதானங்களில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. செம்மண், நடுவில் சரளை, மழைக்கு அப்புறம் காய்ந்த குழி. பந்து எப்படித் துள்ளும் என்று தெரியாததால் கடைசி நொடிவரை பந்தையே பார்க்கவேண்டி இருக்கிறது. தலை தூக்கவே முடியாது. அதனால் நான் பையன்களுக்குச் சொல்வது: பந்து உன்னிடம் வரும்போது பார்க்க முடியாதென்றால், உன் டீம்காரனுக்கு யாரோ பந்து கொடுக்கும்போதே நீ சுற்றிப் பார்த்துவிடு. அதாவது ஒரு பாஸுக்கு முன்னாலேயே. அப்புறம் குழியைப் பார்த்து வாங்கினாலும் பரவாயில்லை. இந்த ஒரு பழக்கத்தால் பதினைந்து வயதுப் பையன்கள் ஒரே சீசனில் வேறு ஆளாக மாறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2008 ஏப்ரல் 29. பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் 0–0. நமக்கு நள்ளிரவு தாண்டி 12.15க்கு ஆரம்பம். அப்போது நான் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சீசன் சூடுபிடிக்கும் நேரம், பெங்களூரா மாங்காய் லோடு விடியற்காலை வந்துவிடும். தூங்கினால் எழ முடியாது என்று மண்டியிலேயே ஒரு சின்ன டிவியில் பார்த்தோம், நாலு பேர். பதினான்காவது நிமிடம். பார்சிலோனாவின் ஜாம்ப்ரோட்டா சரியாக அடிக்காமல் வெளியே தட்டிய பந்து ஸ்கோல்ஸ் முன்னால் வந்தது. ஒரு தொடுதல், இருபத்தைந்து கெஜத்திலிருந்து வலது கால், மேல் மூலை. அந்த ஒரு கோலில் யுனைடெட் இறுதிக்குப் போனது. பக்கத்தில் மூட்டை மேல் படுத்திருந்தவர்கள் எங்கள் கத்தலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஃபெர்குசன் அப்போது ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இறுதி ஆட்டத்துக்குப் போனால் ஸ்கோல்ஸ் கண்டிப்பாக ஆடுவார் என்று. 1999இல் ஓரத்தில் நின்றவருக்கு, ஒன்பது வருஷம் கழித்து அந்தக் கடன் திரும்பியது. மாஸ்கோவில் செல்சிக்கு எதிராக முதல் பதினொன்றில் இறங்கினார். மூக்கில் அடிபட்டு ரத்தத்தோடு ஆடினார். ரொனால்டோவின் கோலுக்கு முன் வெஸ் பிரவுனோடு பந்தை மாற்றிக்கொண்டவர் அவர்தான். கடைசியில் பெனால்டியில் கோப்பை. அவருக்குப் பதிலாக உள்ளே வந்த கிக்ஸுக்கு அது 759ஆவது ஆட்டம், பாபி சார்ல்டனின் கிளப் சாதனையைத் தாண்டிய ஆட்டம்.

2011 மே 31 அன்று ஓய்வு அறிவித்து, கிளப்பிலேயே ரிசர்வ் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். ஆறேழு மாதத்தில், உடம்பு இன்னும் கேட்கிறது என்று ஃபெர்குசனிடம் போய்ச் சொன்னார். 2012 ஜனவரி 8, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். டிரெஸ்ஸிங் ரூமில் 22ஆம் எண் சட்டை தொங்குவதைப் பார்த்துத்தான் சக வீரர்கள் பலருக்கே விஷயம் தெரிந்தது. விஷயம் வெளியே போகக்கூடாது என்று, பூட்ஸைக்கூடச் சாதாரணக் கடையில் போய் வாங்கிக்கொண்டு வந்தாராம். அவருடைய பழைய பதினெட்டாம் எண் வேறு வீரரிடம் போய்விட்டிருந்தது, அதற்காக அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தில் அவருடைய ஒரு தவறான பாஸ் சிட்டியின் அகுவேரோவின் கோலுக்கு வழிவிட்டது. அடுத்த வாரமே போல்ட்டனுக்கு எதிராகக் கோல் போட்டார். அந்த சீசன் பட்டம் கோல் வித்தியாசத்தில் சிட்டியிடம் போனது. அடுத்த சீசனில் திரும்ப வென்றார்கள். 2013 மே 19 அன்று வெஸ்ட் பிராமோடு 5–5 என்று முடிந்த ஆட்டம் ஃபெர்குசனுக்கும் கடைசி, ஸ்கோல்ஸுக்கும் கடைசி. மாற்று வீரராக வந்து, போகிற போக்கில் ஒரு மஞ்சள் அட்டையும் வாங்கினார்.

இவ்வளவும் கேட்டுவிட்டு நீ ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். யுனைடெட்டில் தங்குவதற்கு அவர் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. உலகத்தின் பெரிய கிளப்களில் ஒன்று, நல்ல சம்பளம், வருஷா வருஷம் கோப்பை, வீட்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சி மைதானம். பயிற்சி முடிந்தால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போய்விடலாம். அவருக்குப் பிடித்த வாழ்க்கையே அதுதான்.

இழந்துவிட்டு இருந்தவரைப் பார்க்கவேண்டுமென்றால் சவுதாம்ப்டனின் மேட் லெ டிசியேவைப் பார். 1986 முதல் 2002 வரை அங்கேயே. பிரீமியர் லீக்கில் 100 கோல் போட்ட முதல் மிட்ஃபீல்டர் அவர். பெரிய கிளப்கள் கூப்பிட்டும் போகவில்லை. பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லை, இங்கிலாந்துக்கு ஆடியது 8 ஆட்டம்தான். ஆனால் அங்கே அவரைச் சுற்றித்தான் அணியே கட்டப்பட்டது. அந்த ஊர் அவரைத் தலையில் வைத்து ஆடியது. நம் நாட்டில் சுனி கோஸ்வாமி. எட்டு வயதில் மோகன் பகான் ஜூனியர் அணிக்குப் போனவர், 1954 முதல் 1968 வரை பெரியவர்கள் அணியில் அங்கேயே. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் வாங்கிய இந்திய அணிக்குக் கேப்டன். அதே அணியில் ஆடிய பி.கே. பானர்ஜி, கொல்கத்தாவின் பெரிய கிளப்களுக்குப் போகாமல் கிழக்கு ரயில்வேயிலேயே இருந்தார், 1958இல் அந்த அணிக்குக் கொல்கத்தா லீக்கையே வாங்கிக் கொடுத்தார். ரயில்வேயில் வேலை இருந்தது, வீட்டில் அடுப்பு எரிந்தது. நம் பக்கத்தில் ஒரே அணி என்பதற்குப் பல நேரம் இதுதான் பொருள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ போலீஸிலோ வேலை கிடைத்தவன் ஓய்வு பெறும்வரை அந்த அணிக்கு ஆடுவான். அது நியாயமான கணக்கு.

இப்போது எங்கள் ஊர்க் கதை ஒன்று. பெயர் வேண்டாம். நான் சேர்ந்த காலத்தில் எங்கள் டீமில் நடுவில் ஆடிய அண்ணன் ஒருவர். இடது காலில் அவர் அடிக்கும் பந்து காற்றில் வளைந்து போவதைப் பார்க்கவே ஆள் வரும். சென்னையில் ஒரு துறை அணிக்குத் தேர்வு என்று அவருக்கு அழைப்பு வந்தது. அதே வாரம் எங்களுக்கு ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி) இறுதி ஆட்டம். டீமை விட்டுப் போகிறாயா, சோறு போட்ட ஊர் என்று எல்லோரும் பேசினோம். நானும் பேசினேன். அவர் போகவில்லை. இறுதி ஆட்டத்தை ஜெயித்தோம், கோப்பை யார் வீட்டில் இருக்கிறது என்று இன்று எனக்குத் தெரியாது. நாலு வருஷத்தில் டீமே கலைந்துவிட்டது. பாதிப் பேர் ஓசூர் கம்பெனிகளுக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அந்த அண்ணனுக்கு அடுத்த அழைப்பு வரவில்லை. இப்போது கிரானைட் பட்டறையில் இருக்கிறார். பார்த்தால் அன்பாகத்தான் பேசுவார், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான்தான் அந்த வாரத்தை மறக்க முடியாமல் இருக்கிறேன். உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

உன் டீம் அண்ணன்களிடம் கோபப்படாதே. உன் வயதில் உனக்குப் பந்து வாங்கிக் கொடுத்தவர்கள், ஆட்டத்துக்குப் போகும்போது பஸ் காசு போட்டவர்கள். ஆனால் ஸ்கோல்ஸைக் காட்டி உன்னைப் பிடித்துவைப்பது பொருந்தாது. அவர் கிளப் அவருக்குப் பதினான்கு வயதிலிருந்து பயிற்சி கொடுத்தது, உடம்பு வளரக் காத்தது, கண் மங்கியபோது இடத்தை வைத்துக் காத்தது, வயதானபோது வேறு இடம் கொடுத்தது. உன் டீமில் உனக்கு வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி? சொல்லித்தர ஆள் இருக்கிறாரா? நீ எழுதியதைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மட்டும்தான் என்று தோன்றுகிறது.

அதற்காக ஓசூர் டீமையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. ராயக்கோட்டையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸோ ரயிலோ, போக வர இரண்டு மணி நேரம் போய்விடும். பிளஸ் டூ படிக்கிறாய் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. முதலில் இரண்டு வாரம் பயிற்சிக்கு மட்டும் போய்ப் பார். அந்தப் பயிற்சியாளரிடம் நேராகக் கேள்: என்னை எந்த இடத்தில் ஆட வைப்பீர்கள்? தேவைப்பட்டால் விங்கிலும் போடுவோம், பேக்கிலும் போடுவோம் என்று பதில் வந்தால், அவருக்குத் தேவை எண்ணிக்கைக்கு ஓர் ஆள். உன் ஆட்டத்தில் எது சரியில்லை என்று அவர் ஒன்றைப் பிட்டுச் சொன்னால், அவர் உன்னைப் பார்த்திருக்கிறார். அங்கே போ. மாவட்ட அளவுத் தேர்வுகளுக்கு அனுப்புவார்களா, போட்டிகளில் ஆடினால் சான்றிதழ் முறையாகக் கிடைக்குமா என்பதையும் உன் அப்பாவைக் கூட்டிப்போய் விசாரி. நாளைக்குக் கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் அந்தக் காகிதம்தான் பேசும்.

போவதென்று முடிவானால், ஊர் டீமுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போ, நடந்துகொண்டிருக்கும் போட்டியை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ. லீவு நாளில் வந்து சின்னப் பையன்களோடு ஆடு. இந்த வாரம் மைதானத்துக்குப் போகும்போது நான் சொன்ன கழுத்து விஷயத்தை மட்டும் செய்து பார்த்து, எத்தனை தடவை பந்து வருவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தாய் என்று எண்ணி எனக்கு எழுது.